புது அப்சார்பர் போட்ட பிறகு ‘டொக் டொக்’ சத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் பிறையில் உள்ள எங்கள் பட்டறைக்குக் ‘கீழே சத்தம் அண்ணே’ என்று வரும் கார்களில் நிறைய கார்கள், புது சாமான் போட்டு ஒரு மாதம்கூட ஆகாதவை. அப்சார்பர் (குழியில் வண்டி துள்ளுவதை அடக்கும் குழாய்), ஸ்போர்ட் ஸ்பிரிங், ஹை-லோ செட் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்சார்பர்-ஸ்பிரிங் செட்), லிங்க் (வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி) என்று பணத்தைக் கொட்டிவிட்டு, முன்பு இல்லாத ஒரு சத்தத்தோடு வருகிறார்கள். ஆன்லைனில் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்ட தம்பிகளும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு சாமானை வாங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாமான் புதுசுதானே, அதில் எப்படிச் சத்தம் வரும்?

சாமான் புதுசு, அது போய் உட்காரும் இடம் பழசு. பத்து வருடம் ஓடிய காரில் அப்சார்பரை மட்டும் மாற்றி, மேலே உள்ள மவுண்டிங் ரப்பரைப் பழையபடியே விட்டால், அந்த ரப்பரில் இருந்த தளர்ச்சி இப்போதுதான் வெளியே தெரியும். பழைய அப்சார்பர் தொளதொளவென்று இருந்ததால் அடி உள்ளேயே அடங்கிப்போனது. புதுசு விறைப்பாக இருப்பதால் அதே அடி நேராக மவுண்டிங்கில் போய் முட்டுகிறது.

இன்னொன்று, ஒரு அப்சார்பரை மாற்றுவதற்குக் கழற்றிப் பூட்டும் நட்டுகள் பல. மேலே மவுண்டிங் நட்டுகள், நடுவில் தண்டு நட், கீழே நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) இரண்டு போல்ட், பக்கத்தில் லிங்க் நட், பிரேக் ஹோஸ் பிடிக்கும் சின்ன போல்ட். இவற்றில் ஒன்று சரியாக இறுகாவிட்டாலும் சத்தம் வரும். மலிவான சாமான் என்றாலே சத்தம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, சாமானின் தரத்தால் வந்த சத்தத்தைவிட மாட்டியதில் இருந்த குறையால் வந்த சத்தம்தான் அதிகம்.

முதலில் எதைப் பார்ப்பது?

வீல் நட். சிரிக்க வேண்டாம், உண்மையாகச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் முதல் சத்தத்துக்கு வண்டியை ஓரமாக நிறுத்தி வீல் நட்டைப் பாருங்கள். அதில் தளர்ச்சி இருந்தால் அங்கேயே இறுக்குங்கள். அது சரியாக இருந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச்சு.

அடுத்தது, ஓட்டவே கூடாத நிலை எது என்று தெரிந்துகொள்வது. ஸ்டீயரிங் திடீரென்று ஒரு பக்கம் இழுத்தாலும், பிரேக் போடும்போது சக்கரம் நகர்வது போல் இருந்தாலும், சத்தத்தோடு ஸ்டீயரிங்கில் வெற்றாட்டம் வந்தாலும் வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பால் ஜாயிண்ட் (சக்கரப் பக்கத்தை ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) கழன்றால் சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் மடிந்துவிடும். டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு) கழன்றால் ஸ்டீயரிங் திருப்பியும் அந்தச் சக்கரம் திரும்பாது. இந்த இரண்டிலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம்.

எந்த இடத்தில் சத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காதை நம்புங்கள். நம் மொழியில் சத்தத்துக்குச் சொல் நிறைய இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ‘டொக்’ என்றால் ஒன்றை ஒன்று ஒரு தடவை முட்டுகிறது. தளர்ந்த நட் அல்லது ரப்பர் போன மவுண்டிங் பக்கம் பார்க்க வேண்டும். ‘லொட லொட’ என்று சின்னச் சின்னக் குழியில் விடாமல் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க். ‘கிறீச்’ என்றால் புஷ்ஷில் (பாகங்கள் சேரும் இடத்தில் உள்ள மெத்தை வளையம்) ரப்பரோ பாலியோ (பாலியூரிதேன்) உலர்ந்து உரசுகிறது. ‘டம்’ என்று கனமாக வந்தால் அப்சார்பர் அடி வரை போய் இடிக்கிறது. ‘டொய்ங்’ என்று கம்பி தெறிப்பது போல் வந்தால் ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பது இன்னும் முக்கியம். நான் செய்வது இதுதான். குடியிருப்புப் பகுதியில் வேகத்தடை உள்ள ஒரு அமைதியான சாலையில், ரேடியோவையும் ஏர்கானையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, நடக்கும் வேகத்தில் போகிறேன். முதலில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக ஏற்றுவேன். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாக ஏற்றுவேன். நேராக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாது. லிங்க்கில் பெரிய வேலை இல்லை. சாய்வாக ஏறும்போதுதான் அது முறுக்கிக்கொள்ளும். ஆக நேராக ஏறும்போது சத்தமில்லை, சாய்வாக ஏறும்போது சத்தம் என்றால் லிங்க், பார் புஷ் பக்கம் போங்கள். இரண்டிலும் சத்தம் என்றால் அப்சார்பர், மவுண்டிங், ஸ்பிரிங் பக்கம் பாருங்கள்.

மூன்றாவதாக, அதே தடையில் இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஏறுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேடோ கேலிப்பர் பின்னோ ஆடுகிறது. சக்கரத்தைக் கழற்றும்போது பேட் கிளிப்பை விட்டுவிடுவது நடக்கிற காரியம்தான்.

பினாங்குப் பாலத்தில் போகும்போது மட்டும் டொக் டொக் என்று கேட்கிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. 1985-இல் திறந்த முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அவ்வளவு நீளமான பாலம் வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதன் மேல் சக்கரம் ஏறும்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாளம் தப்பாமல் சத்தம் வரும். புது அப்சார்பர் விறைப்பாக இருப்பதால் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தாலோ, ஸ்டீயரிங்கில் அதிர்ந்தாலோ தீவுக்குள் போனதும் மேலே சொன்ன வேகத்தடைச் சோதனையைச் செய்து பாருங்கள்.

அப்சார்பர் தண்டின் நட் நன்றாக இறுகியிருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் மேலிருந்துதான் சத்தம் வருகிறது. எப்படி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி பழைய புரோட்டோன் வீரா காரைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் முன்பக்க அப்சார்பர் இரண்டையும் மாற்றியிருந்தார். மறுநாளே இடது பக்கம் டொக். லிங்க்கை மாற்றினார்கள், நிற்கவில்லை. லோவர் ஆர்மை (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) மாற்றினார்கள், நிற்கவில்லை. நான் பானெட்டைத் திறந்து மவுண்டிங் மூடியைக் கழற்றி, தண்டின் முனையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, தம்பியை ஃபெண்டரை அழுத்திவிடச் சொன்னேன். நட்டை ஸ்பேனரில் திருப்பினால் அசையவில்லை. ஆனால் விரலுக்கடியில் தண்டு மயிரிழை அளவு மேலே எழும்பி, டொக் என்று இறங்கியது. கழற்றிப் பார்த்தபோது நட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய கிண்ணம் போன்ற வாஷர் இல்லை. பழைய அப்சார்பரோடு அதையும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வாஷர் இல்லாததால் நட் மவுண்டிங்கை அழுத்தும் முன்பே மரை முடியும் இடத்தில் போய் நின்றுவிட்டது. கைக்கு இறுகியது போலத்தான் இருக்கும். ஒரு வாஷர் போட்டதும் சத்தம் நின்றது. வீணாக வாங்கிய இரண்டு லிங்க்கும் ஒரு லோவர் ஆர்மும் அவர் காரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூல அப்சார்பர் அல்லாதவற்றில் தண்டின் படி, மரையின் நீளம், முனையின் குறுக்களவு ஆகியவை கொஞ்சம் மாறியிருக்கலாம். அதனால் பழையதைக் கழற்றும்போதே வாஷர், காலர், ரப்பர் எல்லாவற்றையும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு தவறு, தண்டு நட்டை இம்பேக்ட் கன்னால் அடிப்பது. தண்டும் சேர்ந்து சுழலும்; நட் எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது, உள்ளே இருக்கும் சீலும் கெடும். தண்டு சுழலாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். தண்டைப் பிளேயரால் கடித்துப் பிடிக்கவே கூடாது. அந்தக் கீறல் சீலைக் கிழித்து எண்ணெய் ஒழுகும்.

சில கார்களில் இந்த மவுண்டிங் வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைக் கழற்றுவதற்குச் சோம்பல்பட்டே பலர் பார்க்காமல் விடுகிறார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த அப்சார்பரை அப்படியே மாட்டலாமா?

கூடாது. இரட்டைக் குழாய் வகை அப்சார்பர் கடையில் பல நாள் படுக்கையாகக் கிடந்திருக்கும்; உள்ளே காற்று எண்ணெய்ப் பக்கம் புகுந்திருக்கும். நேராக நிமிர்த்தி வைத்து, முழுதாக இழுத்து முழுதாக அழுத்தி நாலைந்து தடவை செய்யுங்கள். தொடக்கத்தில் ‘தொடுக்’ என்று வெற்றாக விழும் உணர்வு போன பிறகு, மறுபடி படுக்க வைக்காமல் மாட்டுங்கள்.

லிங்க் இரண்டையும் மாற்றியும் லொட லொட நிற்கவில்லை. அடுத்து என்ன?

மூன்றாவது தடவை வாங்கும் முன் ஒரு சோதனை. இரண்டு பக்க லிங்க்கையும் ஒரு முனையில் கழற்றி, எதிலும் இடிக்காதபடி கட்டி வைத்துவிட்டு, காலியான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் வேகம் வேண்டாம். சத்தம் போய்விட்டால் லிங்க்கிலோ பார் புஷ்ஷிலோதான் குறை. போகவில்லை என்றால் லிங்க்கை மறந்துவிடுங்கள்.

லிங்க்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ஆட்டுகிறார்கள். அப்போது பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும். போன லிங்க்கும் கல் மாதிரி இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்டம் தெரியும்.

காரின் உயரத்தை இறக்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. கார் இறங்கியதும் பாரின் கோணம் மாறிவிடும். மூல லிங்க்கின் நீளம் பொருந்தாமல் பார் போய் டிரைவ் ஷாஃப்டிலோ ஆர்மிலோ உரசலாம். உரசிய இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று இருக்கும். டார்ச் அடித்தால் உடனே கண்ணில் படும். அதற்கு நீளம் குறைந்த அல்லது நீளத்தை மாற்றக்கூடிய லிங்க்தான் வழி.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்கிறது.

ஒருவர் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனியை மட்டும் வைத்துப் பாருங்கள். வளையங்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல், சற்று நின்று பிறகு துள்ளினால் மேலே உள்ள பேரிங் சிக்கியிருக்கிறது அல்லது ஸ்பிரிங் முனை தன் பள்ளத்தில் உட்காரவில்லை. கீழ்த் தட்டில் படி போல ஒரு வெட்டு இருக்கும். ஸ்பிரிங்கின் முனை அதில் போய் அணைய வேண்டும். மேல் தட்டைத் திசை மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். ஓட்டும்போது முழுதாகத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று வேகத்தோடு கூடினால் அது வேறு, டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்.

ஹை-லோ போட்ட பிறகு சத்தம். ஹை-லோ என்றாலே இப்படித்தான் என்கிறார்கள், உண்மையா?

இல்லை. சரியாகப் பூட்டிய ஹை-லோ ‘டொக்’ என்று அடிக்காது. பில்லோ பால் மவுண்டிங் (ரப்பருக்குப் பதில் இரும்புக் குண்டு) உள்ளது என்றால் ரப்பர் இல்லாததால் சாலைச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அது அதன் இயல்பு. ஆனால் அதிலும் அந்தக் குண்டு தேய்ந்து ஆட ஆரம்பித்தால் டொக் வரும், மாற்றத்தான் வேண்டும்.

பார்க்க வேண்டியது லாக் ரிங்குகளை. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும் இரண்டு ரிங், கீழ்ப் பிராக்கெட்டுக்கு மேலே ஒரு ரிங். இந்தக் கீழ் ரிங் தளர்ந்தால் முழு உடம்பும் பிராக்கெட்டுக்குள் ஆடும். சத்தம் அடியிலிருந்து பலமாக வரும். புதிதாகப் போட்டு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ரிங்கையும் மறுபடி இறுக்குவது கட்டாயம். மரையில் உப்புக்காற்றும் மணலும் ஏறும் தீவுப் பக்கம் உள்ளவர்கள் மரையை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

காரைத் தூக்கியதும் ஸ்பிரிங்கைக் கையால் மேலும் கீழும் அசைக்க முடிகிறதா? அப்படியானால் ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் விலகி, இறங்கும்போது ‘டங்’ என்று உட்காருகிறது. உயரத்தை ஸ்பிரிங் தட்டை இறக்கிக் குறைத்தவர்களுக்கு வருவது இது. கீழ்ப் பிராக்கெட்டில் உயரத்தை மாற்றும் வகை என்றால் தட்டை ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு ஏற்றிவிட்டு, உயரத்தைக் கீழே சரிசெய்யுங்கள்.

ஸ்பிரிங்கை ஒரு வளையம் வெட்டிவிட்டால் போதும் என்கிறாரே நண்பர்?

வேண்டாம். வெட்டிய முனை தட்டின் பள்ளத்தில் உட்காராது, தூக்கும்போது கழன்று விலகும். சத்தம் அதில் சின்னப் பிரச்சினை. வளைவில் வண்டி கையை விட்டுப் போவதுதான் பெரிய பிரச்சினை. பத்து ஃபிரிங்கி சாலை மாதிரி ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் கடலுமாக வளையும் சாலையில் இதை நினைத்துப் பாருங்கள். பம்ப் ஸ்டாப்பை (அப்சார்பர் அடி வரை போய் இடிக்காமல் தடுக்கும் மெத்தை) கழற்றி எறிவதும் இப்படித்தான்: ‘டம்’ என்று இரும்போடு இரும்பு இடித்து அப்சார்பர் சீக்கிரம் செத்துவிடும்.

லோவர் ஆர்ம் புஷ் மாற்றி மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது. மட்டமான சாமானா?

இருக்கலாம். ஆனால் முதலில் எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கி விடுபடும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிரந்தரமாக நிற்கும். அப்புறம் ஒவ்வொரு குழியும் அதை இன்னும் கிழிக்கும். கார் தன் எடையில் நிற்கும்போது, அல்லது ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடைசி இறுக்கு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இதைச் செய்யாமல் ஒரு காரையும் வெளியே விட மாட்டார்.

பாலி புஷ் வேறு. அது உள் குழாயின் மேல் வழுக்கிச் சுழலும், அதனால் கிரீஸ் வேண்டும். ‘கிறீச்’ வந்தால் கழற்றி சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். எந்த புஷ் கத்துகிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆட்டிப் பாருங்கள்; எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். ரப்பர் புஷ்ஷில் எஞ்சின் எண்ணெயோ பெட்ரோலிய கிரீஸோ போடக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

சஸ்பென்ஷனே இல்லாமலும் இந்தச் சத்தம் வருமா?

வரும். பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) உள்ள ஜாக்கி, ஸ்பேர் டயர், பூசைச் சாமான் பெட்டி, எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போதும் டொக் என்றால் எஞ்சின் மவுண்டிங். எக்ஸாஸ்ட் தொங்கும் ரப்பர் அறுந்தாலும் குழியில் அடிக்கும்.

வீட்டில் நானே பார்க்கலாமா?

சமதளத்தில், ஜாக் ஸ்டாண்ட் போட்டு, கைபிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துப் பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிவது பால் ஜாயிண்ட், வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராட் எண்ட், ரேக் எண்ட். ஸ்பிரிங்கை அப்சார்பரிலிருந்து பிரிக்கும் வேலையை மட்டும் சரியான ஸ்பிரிங் கம்பிரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

பட்டறையில் எப்படிச் சொல்வது?

‘லிங்க் மாத்துங்க’ என்று சொல்லாதீர்கள், மாற்றித்தான் கொடுப்பார்கள். ‘இடது முன்பக்கம், மெதுவாகப் போகும்போது, ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் லொட லொட, பிரேக் மிதித்தாலும் நிற்கவில்லை, அப்சார்பர் போன மாதம் மாற்றியது’ என்று சொல்லுங்கள். ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். எதையும் மாற்றும் முன் என்ன ஆடுகிறது என்று உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

காரின் உயரத்தை இறக்கினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிப்பார்களா?

மூல அமைப்பை மாற்றிய காருக்கு சம்மன் வரலாம். போடுவதற்கு முன் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். விற்கும்போது உரிமை மாற்றத்துக்குப் புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனைக்குப் போனால் அடிப்பகுதியையும் பார்ப்பார்கள். மூல ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

சாமானிலேயே குறை என்றால் கடையில் மாற்றித் தருவார்களா?

ரசீதும் பெட்டியும் இருந்தால் பேச இடமுண்டு. பெட்டியில் உள்ள சாமான் எண்ணையும், மாட்டும் முன் சாமானையும் படம் எடுத்து வையுங்கள். தண்டில் பிளேயர் பல் பதிந்த தடமோ, மரை நசுங்கிய தடமோ இருந்தால் மாட்டியவர் தவறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கழற்றிக் கொண்டுபோவதற்கு முன், கட்டை விரலுக்கடியில் தண்டு எழும்பி இறங்குவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடக்கும் அப்சார்பர் சத்தம் போட்டுக் காட்டாது.